மையித்துப் புத்தகமும் நகராட்சிப் பதிவேடும்



 

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், திருச்சி நகரத்துக் குடும்பம் ஒன்றின் இரு கிளையினர் ஒரு பழைய வீட்டின் பாகப்பிரிவினை குறித்து மார்க்கத் தீர்ப்புக் கேட்டு அடியேனிடம் வந்தனர். வீடு பாட்டனார் கட்டியது. அவருக்கு ஆண்மக்கள் இருவர், பெண்மக்கள் இல்லை. பாட்டியார் முன்னரே காலமாகிவிட்டார். மூத்த மகனின் மக்கள் ஒருபுறமும் இளைய மகனின் மக்கள் மறுபுறமும் அமர்ந்தனர். 1950களின் பிற்பகுதியில், பாட்டனாரும் இளைய மகனும் ஒருவர் பின் ஒருவராக, ஒரு நாளுக்குள்ளேயே வஃபாத்தாகியிருக்கின்றனர். பாட்டனார் நகரத்து வீட்டில் முதுமையால்; மகனார் காவிரிக்கு அப்பால், தாம் வியாபாரம் செய்து வந்த இடத்தில், காய்ச்சலால். இருவரில் முந்தியவர் யார்? வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருந்தது.

ஃபராயிள் என்னும் வாரிசுரிமைச் சட்டத்தை அறிந்தோர்க்கு இதன் பாரம் புரியும். பாட்டனார் முந்தியிருந்தால், அந்த நொடியில் உயிருடன் இருந்த இளைய மகனுக்குப் பாதி வீடு சேர்ந்துவிடுகிறது. அவர் மறைந்ததும் அப்பாதி அவருடைய மனைவி மக்களைச் சென்றடைகிறது. மகன் முந்தியிருந்தால், மூத்த மகன் உயிருடன் இருக்கையில், தந்தையை இழந்த அப்பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் வாரிசுப் பங்கு இல்லை. மூன்றில் ஒரு பங்குக்குள் அவர்களுக்கு வஸிய்யத் எழுதிவைக்க மார்க்கம் இடமளித்திருந்தும், அந்தப் பெரியவர் எதையும் எழுதவில்லை. பங்கிடும் முன்பே வாரிசு இறந்துபோகும் நிலையை ‘முனாஸகா’ என்பர். ஸிராஜிய்யா கிதாபில் அப்பாடத்தை ஓதிய காலத்தில் அடியேனுக்கு அது வெறும் கணக்காகத்தான் தோன்றியது. அக்கணக்கின் விடைக்காக நரைத்த தலைகள் எதிரே காத்திருப்பதை அன்றுதான் கண்டேன்.

கண்ணால் கண்டவர் எவரும் உயிருடன் இல்லை. ஆகவே, இருவரையும் அடக்கம் செய்த பள்ளியின் மையித்துப் புத்தகம் வரவழைக்கப்பட்டது. பச்சைத் துணியில் சுற்றிய நீண்ட கணக்குப் புத்தகம். அக்காலத்து மோதினார் அரபுத்தமிழில் எழுதியிருந்தார். பாட்டனாருக்கு எதிரே ‘பிறை 9, வெள்ளி இரவு’. மகனாருக்கு எதிரே ‘பிறை 9, வெள்ளி பகல்’. மூத்தவரின் மக்களில் ஒருவர் உடனே சொன்னார்: “பகல் முந்தியது, இரவு பிந்தியது. ஹஜ்ரத், சின்னவர்தான் முதலில் போயிருக்கிறார்.” இளையவரின் மக்கள் ஒன்றும் பேசவில்லை.

அவ்வழக்கு எவ்வாறு முடிந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன், நம் ஊரில் யாருடைய மரணம் எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை என்னும் வரலாற்றைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

மரணத் தேதியைத் தேடிக் குறித்துவைப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் வரலாற்றை ஆராய்ந்த இமாம்கள், ஒருவர் தம் ஆசிரியரிடம் நேரில் கேட்டதாகச் சொன்னால், அந்த ஆசிரியர் எப்போது இறந்தார், இவர் எப்போது பிறந்தார் என்று பார்த்தே ஏற்றனர். திமிஷ்கின் தலைமைக் காழியாக இருந்து ஹிஜ்ரி 681இல் (1282) மறைந்த இப்னு கல்லிகான் (ரஹ்) தொகுத்த பெருநூலுக்கு ‘வஃபயாத்துல் அஃயான்’ என்று பெயர். சான்றோரின் மரணங்கள் என்பது அதன் பொருள். இறந்த காலம் தமக்கு உறுதியாகத் தெரியாதவர்களை அவர் அந்நூலில் சேர்க்கவில்லை. ஒருவர் எத்துணைப் பெரியவராயினும், மறைந்த ஆண்டு தெரியவில்லையெனில் இடமில்லை! பிற்காலத்தில் பாரசீக, உருதுப் புலவர்கள் அப்ஜத் கணக்கைக் கொண்டு, அலிஃபுக்கு 1 முதல் ஃகைனுக்கு 1000 வரை எண் மதிப்பிட்டு, ஒரு சொற்றொடரின் கூட்டுத்தொகையே மறைந்தவரின் ஹிஜ்ரி ஆண்டாக வருமாறு ‘தாரீக்’ புனைந்தனர். இவையெல்லாம் ஆலிம்களுக்கும் அரசர்களுக்கும் கிடைத்த பேறு. நெசவாளிக்கும் மீன் விற்றவருக்கும் தாரீக் எழுதியவர் யார்?

நம் திருச்சியையே பாருங்கள். நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் தர்காவில் அடங்கியிருப்போருள் ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்காக ஒருவரோடொருவர் போரிட்ட இருவர் உளர். ஒருவர் சந்தா சாகிபு. 1752ஆம் ஆண்டு ஜூன் மாதம், அவரும் அவருக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையினரும் ஸ்ரீரங்கம் தீவில் முற்றுகைக்கு ஆளாகி நின்றபோது, தஞ்சாவூர்த் தளபதி மானோஜியை நம்பி அவர் வெளியேறிச் சென்றார், அங்கே கொல்லப்பட்டார். அவர் மறைந்த நாளைக் குறிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அவரை எதிர்த்த ஆங்கிலேயர் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினர். அவருடன் நின்ற பிரெஞ்சுக்காரர் புதிய கிரிகோரியன் நாட்காட்டியைப் பின்பற்றினர். இரண்டுக்கும் 11 நாள் வேறுபாடு. அவ்வாண்டு செப்டம்பரில்தான் ஆங்கிலேயர் 2ஆம் தேதிக்கு மறுநாளை 14ஆம் தேதி என மாற்றிக்கொண்டனர். ஆக, ஸ்ரீரங்கத்தின் ஒரே கரையில் ஒரே பொழுதில் நிகழ்ந்த ஒரு சாவுக்கு இருதரப்பார் கணக்கில் இரு தேதிகள். முஸ்லிம்கள் கணக்கில் ஹிஜ்ரி 1165 என மூன்றாவதும் உண்டு. தேதி என்பது எழுதியவரின் கணக்கு முறையையும் சேர்த்தே படிக்க வேண்டிய ஒன்று. இதை நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

மற்றொருவர் நவாப் முஹம்மது அலீ வாலாஜா. அவர் 1795 அக்டோபர் 13 அன்று சென்னையில் மறைந்தார், அடங்கியிருப்பதோ திருச்சியில். இறந்த ஊர் ஒன்று, அடக்கமான ஊர் மற்றொன்று. நவாபைப் பொறுத்தவரை இதனால் குழப்பம் ஏதுமில்லை. உலகமே அறிந்த மரணம். நம் போன்றோர் குடும்பங்களுக்கு இந்த ஒரு வேறுபாடே எத்தனையோ ஆண்டு அலைச்சலுக்குக் காரணமாகியிருக்கிறது.

அதே நகரில் 1826 ஏப்ரல் 3 அன்று, கல்கத்தாவின் ஆங்கிலத் திருச்சபைப் பேராயர் ரெஜினால்ட் ஹீபர் குளிக்கும் தொட்டியில் மூழ்கி இறந்து, புனித யோவான் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மட்டுமல்லர்; கண்டோன்மென்டில் காய்ச்சலில் மாண்ட சாதாரணப் படைவீரனின் பெயரும் தேவாலய அடக்கப் பதிவேட்டில் ஏறியது. அப்பதிவேடுகளின் படிகள் சென்னைக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் அனுப்பப்பட்டன. இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் பார்வைக்கு இருக்கின்றன. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்போர் தம் மூதாதையர் திருச்சியில் இறந்த நாளை அவற்றிலிருந்து கண்டுபிடிக்கின்றனர். போதாக்குறைக்கு, ஜே. ஜே. காட்டன் என்னும் அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905இல் நூலாகவே வெளியிட்டார். அந்நியரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. தம்முடையோரை எழுதிவைத்தார்கள், அவ்வளவே. அதே ஆண்டுகளில் அதே நகரின் நம் கபரஸ்தான்களில் அடங்கிய நம்மவரின் பட்டியல் எங்கே என்று நம்மைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொதுமக்களின் மரணத்தை அரசு எழுதத் தொடங்கியது வாரிசுகளின் நலன் கருதியன்று, நோய்க்கு அஞ்சியே. காலராவும் பெரியம்மையும் பரவிய 1860களில் சுகாதாரத்துறை ஏற்பட்டு, ஊரில் எத்தனை பேர், எந்த நோயால் இறந்தனர் என்னும் கணக்குக் கேட்கப்பட்டது. திருச்சிராப்பள்ளிக்கு 1866இல் நகராட்சி அமைந்தது. பின்னர் ஸ்ரீரங்கமும் தனி நகராட்சியாயிற்று. சிற்றூர்களில் இப்பணி கிராம அதிகாரிகளின் தலையில் விழுந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சாலையோரம் விழுந்து மடிந்தோரை யார் கணக்கெடுத்தது? ஊரைவிட்டு ஊர் பெயர்ந்து இறந்தவனுக்கு எந்தக் கிராமத்துப் பதிவேடும் சொந்தமில்லாமல் போயிற்று.

சட்டங்களும் வந்தன. 1886ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டம் பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் கிறித்தவருக்குமே பயன்பட்டது. பின்னர் 1899இல் சென்னை மாகாணத்திற்கெனப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின், நாடு முழுமைக்கும் ஒரே சட்டமாக 1969ஆம் ஆண்டின் 18ஆவது சட்டம் பிறந்து, 1970 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று நாம் கையில் வாங்கும் இறப்புச் சான்றிதழ் இச்சட்டத்தின் வழிவந்ததே. கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்ட பின், கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலர் இப்பொறுப்பை ஏற்றார்.

இச்சட்டத்தின் அடிப்படை விதி ஒன்றை நம்மில் பலர் அறியார். மரணம் பதியப்படுவது அது நிகழ்ந்த இடத்தில். இறந்தவர் குடியிருந்த ஊரிலும் அன்று, அடக்கப்பட்ட ஊரிலும் அன்று. திருச்சி மருத்துவமனையில் இறந்து புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் அடக்கமானவரின் பதிவு திருச்சியில்தான் இருக்கும். பேரப்பிள்ளைகளோ ஊர்க் கிராம அலுவலரிடம் சென்று, இல்லை என்றவுடன், எங்குமே பதியப்படவில்லை என்று முடிவுகட்டிவிடுகின்றனர். மேலும், நிர்வாக எல்லைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. பழைய திருச்சி மாவட்டத்தின் பகுதிகள் 1974இல் புதுக்கோட்டையோடும், 1995இல் கரூர், பெரம்பலூர் மாவட்டங்களாகவும் பிரிந்தன. நகரத்திலோ, 1994இல் திருச்சி மாநகராட்சி உருவானபோது ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் அதனுள் இணைந்தன. அதற்கு முன்னர் காவிரிப் பாலத்தின் இக்கரையில் இறந்தவர் ஒரு நகராட்சியிலும், அக்கரையில் இறந்தவர் வேறொரு நகராட்சியிலும் எழுதப்பட்டனர். திருவானைக்கோயிலும் அக்கரைக் கணக்கே.

மரணத்தை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். 30 நாட்கள் வரை சிறு தாமதக் கட்டணத்தோடும், ஓராண்டு வரை உரிய அதிகாரியின் அனுமதியோடும் பதியலாம். ஓராண்டு கடந்தால், முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஆணை தேவைப்பட்டது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்வதிகாரத்தை மாவட்ட, கோட்ட நிர்வாக நடுவர்களிடம் அளித்துள்ளது. பழைய பதிவைத் தேடக் கோருவோர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், இறந்த இடம், ஏறத்தாழ இறந்த ஆண்டு ஆகியவற்றைத் தரவேண்டும். தேடும் ஆண்டுகளின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் கூடும். கிடைக்காவிடில் ‘பதிவு இல்லை’ என்னும் சான்றினைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாமதப் பதிவுக்கு அதுவே முதற்படி. அண்மைக்காலச் சான்றிதழ்களை அரசின் இணையதளத்திலேயே பெற இயலும் இந்நாளிலும், பாட்டன் காலத்துப் பதிவுக்கு நேரில் சென்றே ஆகவேண்டும். பெயரில் பிழை இருந்தால் மூலப்பதிவை அடித்துத் திருத்த மாட்டார்கள்; ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையொப்பமும் தேதியும் இடுவர். கிதாபுகளின் ஓரத்தில் ஹாஷியா எழுதிப் பழகிய நமக்கு இம்முறை நன்கு விளங்கும். மரணக் காரணம் பதிவேட்டில் இருந்தாலும், பிறருக்குத் தரும் சான்றில் அதனை வெளியிடலாகாது என்பதும் சட்டமே. இறந்தவரின் அந்தரங்கம் காக்கும் இவ்விதி அடியேனுக்கு மிகவும் பிடித்தமானது.

கடல் கடந்து சென்றோரின் நிலை வேறு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்று, 1942 யுத்தத்தோடு கடிதம் நின்றுபோன கணவன்மார் எத்தனை பேர்! இறந்தவரும் அல்லர், இருப்பவரும் அல்லர். ஃபிக்ஹு நூல்கள் அவரை ‘மஃப்கூத்’ என்னும். ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்புப்படி, அவருடைய சமவயதினர் மறையும் வரை மனைவி காத்திருக்க வேண்டும். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் 1930களில் மாலிக்கி மத்ஹபின் நான்காண்டுத் தீர்ப்பை எடுத்தாள வழிகாட்டினார்கள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் அந்த நான்காண்டு இடம்பெற்றது. சொத்து விஷயத்தில், ஏழாண்டுக் காலம் செய்தியே இல்லாதவர் இறந்தவராகக் கருதப்படலாம் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலிருந்து இன்றைய சட்டம் வரை தொடர்கிறது. இக்காலத்தில் வளைகுடாவிலோ மலேசியாவிலோ ஒருவர் மறைந்தால், அந்நாட்டுச் சான்றோடு அங்குள்ள இந்தியத் தூதரகத்திலும் பதிவு செய்துகொள்வது பின்னாள் அலைச்சலைக் குறைக்கும். ஜனாஸாவை விமானத்தில் கொண்டுவரும் அவசரத்தில் இதனை மறந்துவிடுகின்றனர்.

நிர்வாகிகளின் கவனத்திற்கு ஒன்று. அடக்கத்தலத்தின் பொறுப்பாளர், தம் இடத்தில் அடக்கப்படும் மரணத்தைப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே மையித்துப் புத்தகம் பள்ளியின் உள்விவகாரம் மட்டுமன்று. ஒலிபெருக்கியில் சொன்ன வஃபாத் அறிவிப்பு காற்றோடு போகிறது. கரும்பலகையில் எழுதியது மறுநாள் அழிக்கப்படுகிறது. புத்தகம் ஒன்றே மிஞ்சுகிறது. அதிலும் பல இடங்களில் பெண்களைப் பெயர் இன்றி ‘இன்னாரின் சம்சாரம்’, ‘இன்னாரின் தாயார்’ என்றே எழுதியிருப்பதை அடியேன் கண்டிருக்கிறேன். நபி (ஸல்) அவர்களின் மனைவியர், மக்களின் பெயர்களைக் குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்விக்கும் சமுதாயம், தன் வீட்டுப் பெண்ணின் பெயரை அவள் மரணத்தின்போதும் எழுதத் தயங்குவது என்ன மரியாதையோ, புரியவில்லை. மஹ்ர் பாக்கி கேட்கவும், தாய்வழிச் சொத்துக்கும் அப்பெயர்தானே வேண்டும்?

இனி, முதலில் சொன்ன வழக்குக்கு வருவோம்.

‘வெள்ளி இரவு’ என்று மோதினார் எழுதியதைப் பேரர்கள் இக்காலத்துக் கண்கொண்டு படித்தனர். நம் மார்க்கக் கணக்கில் நாள் மஃரிபில் பிறக்கிறது. இரவு முந்தியது, பகல் பிந்தியது. வெள்ளி இரவு என்று பெரியவர்கள் சொன்னால் அது வியாழன் மாலை சூரியன் மறைந்தபின் வரும் இரவு. நம் வீட்டு மூதாட்டிகள் இன்றும் அப்படித்தான் சொல்கின்றனர். எனவேதான் இரு வரிகளிலும் பிறை 9 என்று ஒரே பிறை இருக்கிறது. அதன்படி பாட்டனாரே முந்தியவர். ஆயினும், அரை வீட்டைக் கைமாற்றும் தீர்ப்பை ஒரு சொல்லின் பொருளை மட்டும் நம்பிச் சொல்ல அடியேனுக்கு மனம் துணியவில்லை. நகராட்சிப் பதிவுகளைக் கொண்டுவரச் சொன்னேன்.

பாட்டனாரின் பதிவு கிடைத்தது, வியாழக்கிழமையின் தேதி. நகராட்சிக்கு நாள் நள்ளிரவில் மாறுவதால், வியாழன் இரவு அவர்களுக்கு வியாழனே. மகனாருக்கோ பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டனர். அலுவலரைக் குறைகூற இயலாது. குடும்பத்தார் பழைய திருச்சி நகராட்சி ஏடுகளில் தேடுமாறே விண்ணப்பித்திருந்தனர். “சின்னவர் எங்கே தங்கியிருந்தார்?” என்று மீண்டும் கேட்டபோதுதான், திருவானைக்கோயிலில் ஒரு வாடகை வீடு என்று ஒருவர் நினைவுகூர்ந்தார். பழைய ஸ்ரீரங்கம் நகராட்சியின் ஏடுகளைத் தேடும்படி புதிதாக விண்ணப்பித்தனர். சில வாரங்கள் கழித்து நகல் வந்தது. பெயரோடு ‘சாயபு’ என்று சேர்த்து, எழுத்தும் சிறிது மாறியிருந்தது. தந்தை பெயரும் வயதும் சரியாக இருந்தன. தேதி, வெள்ளிக்கிழமை.

இரண்டு பதிவுகளையும் மையித்துப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தபோது மூன்றும் ஒன்றையே பேசின. மூத்தவரின் மக்கள் அல்லாஹ்வுக்குப் பயந்தவர்கள். நீதிமன்றம் செல்லாமலே ஒப்புக்கொண்டனர். இளையவரின் மக்கள் பாதி வீட்டைப் பெற்றனர்.

அவர்களுள் மூத்தவர், தந்தை இறந்தபோது மூன்று வயதுக் குழந்தையாக இருந்தவர், ஸ்ரீரங்கத்து நகலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மரணத்தைத் தெரிவித்தவர் யார் என்னும் கட்டத்தில் குடும்பத்தார் பெயர் இல்லை. உறவினர் அனைவரும் அக்கரையில் பாட்டனாரின் ஜனாஸா வேலையில் இருந்திருப்பர். நகராட்சிக்குச் சென்று சொல்லிக் கையொப்பமிட்டிருந்தவர் வீட்டின் சொந்தக்காரர், சகோதர சமயத்தவர். சில நாட்களுக்குப் பின் அவர் திருவானைக்கோயிலுக்குச் சென்று அந்த வீட்டைத் தேடினாராம். வீடு இடிக்கப்பட்டு அங்கே கடைகள் கட்டப்பட்டிருந்தன. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், அந்தக் குடும்பம் எங்கே சென்றது என்று சொல்ல யாரும் இல்லை. நகலில் இருந்த அப்பெயரைத் தம் டைரியில் எழுதி வைத்திருப்பதாக அடியேனிடம் சொன்னார்.